மென்னீரில் மணத்தைக் கண்டவர்: மியுரா சென்சபுரோ

ஹிரோசிமாவுக்குப் போகும் எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான். நானும் போனேன். கூரை கழன்று எலும்பாய் நிற்கும் அந்தக் கட்டடத்தையும், நூதனசாலையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் கருகிய சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்தேன். குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்காகப் போயிருந்தேன். மாசி மாதம், எலும்புக்குள் இறங்கும் குளிர். விடுமுறை நாளில் இன்னொரு தடவை நூதனசாலைக்குள் போக மனம் வரவில்லை. ஒரு சட்டைத் துண்டை வைத்துப் பிள்ளையை அடையாளம் காண்பது எப்படி என்று எங்கள் பக்கத்துச் சனங்களுக்குக் காட்சி வைத்துச் சொல்லத் தேவையில்லை.

யுத்தம் சம்பந்தப்படாத ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். குரே வழியாகக் கடலோரமாகப் போகும் பாதை அது. குரே யப்பானின் பெரிய கடற்படைத் தளமாக இருந்த ஊர். யமாட்டோ என்ற இராட்சதப் போர்க்கப்பலைக் கட்டியது அங்கேதான். அதையும் கடந்து போனால் சிறு சிறு தீவுகள், சிப்பி வளர்க்கும் மிதவைகள், பிறகு அக்கிட்சு என்ற சின்ன ஊர். செம்மண். அந்த மண்ணில் விளையும் உருளைக்கிழங்குக்கு அங்கே நல்ல பெயர். இறங்கியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்ததற்கு அந்த மண்தான் காரணம்.

அந்த ஊரில் ஒரு கோயில் வளவுக்குள் ஒரு மனிதருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். தளபதியோ அரசியல்வாதியோ அல்ல. சாக்கே காய்ச்சியவர். பெயர் மியுரா சென்சபுரோ. 1908 இல் இறந்துபோனவர். யப்பானில் சாக்கேயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. 2021 இல் அவருடைய கதையை வைத்து ஒரு திரைப்படமும் வந்தது.

மதுவைப் பற்றி எங்கள் வாசகர்களுக்கு எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதலே சாராயக் கடை திறந்த இடங்களை எனக்குத் தெரியும். என்னுடைய சித்தப்பா ஒருவர் முகாமால் வந்து ஐந்து வருடத்துக்குள் கசிப்பிலேயே முடிந்து போனார். இரண்டு பிள்ளைகளை இழந்த மனிதர். அவரை யாரும் கண்டித்துப் பேசவில்லை, காப்பாற்றவும் இல்லை. ஆகவே குடிப்பதை நல்லதென்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. திரும்பத் திரும்ப எல்லாம் கெட்டுப்போன ஒருவர், தன்னிடம் இருந்த தண்ணீரை வைத்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

மியுரா 1847 இல் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு மிட்சு என்று பெயர். ஹிரோசிமாப் பிரபுவின் ஆட்சிக்கு வரியாக வரும் நெல்லைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அந்தத் துறைமுகத்தில் இருந்தது. அரிசி வந்து குவியும் இடத்தில் சாக்கே காய்ச்சுவதும் தானாக வளர்ந்தது. மியுராவின் குடும்பம் வியாபாரக் குடும்பம். அவர் இருபது வயதைத் தாண்டும்போது பழைய ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி ஆட்சி வந்துவிட்டது. 1876 இல், 29 வயதில், சாக்கே தொழிலுக்குள் இறங்கினார்.

இறங்கிய காலத்திலேயே அடி விழுந்தது. பீப்பாய் பீப்பாயாகச் சாக்கே கெட்டுப்போனது. ஒரு பருவம் கெட்டால் பொறுக்கலாம். அடுத்தடுத்த பருவங்களும் அப்படியே போயின. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சும் தொழில் அது. ஒரு பருவம் பிழைத்தால் திருத்திப் பார்க்க அடுத்த குளிர்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் அரிசிக்குக் கொடுத்த காசும் கூலியும் கடனாக நிற்கும்.

ஏன் கெட்டது என்பது விளங்க வேண்டுமென்றால், சாக்கே எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது கள். பனம்பாளையில் இருந்து வடிகிற சாற்றில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. காற்றில் இருக்கும் மதுவம் முட்டிக்குள் விழுந்தால் போதும், சில மணி நேரத்திலேயே பொங்கத் தொடங்கிவிடும். பொங்காமல் கருப்பணியாக எடுக்க வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுகிறோம். அரிசியில் அப்படி இனிப்பு இல்லை, மாப்பொருள்தான் இருக்கிறது. அதை முதலில் சீனியாக்க வேண்டும். அதற்காக அவித்த அரிசியில் ஒரு பகுதியை எடுத்து, சூடான அறையில் பரப்பி, கோஜி என்ற பூஞ்சணத்தைத் தூவி வளர்க்கிறார்கள். இரண்டு நாளில் அரிசி வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போல ஆகிவிடும். இந்தக் கோஜி மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கும். மதுவம் அந்தச் சீனியை மதுவாக்கும். இரண்டு வேலையும் ஒரே பீப்பாய்க்குள், ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்று முந்தினாலும் மற்றது பிந்தினாலும் கதை முடிந்தது. மதுவம் பலமாக எழும்பாத பீப்பாய்க்குள் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து எல்லாவற்றையும் புளிப்பாக்கிவிடும்.

அந்தக் காலத்தில் சாக்கே என்றால் நாடா. இன்றைய கோபே நகரத்தை ஒட்டிய கடற்கரை அது. தலைநகருக்குப் போகும் நல்ல சாக்கே அங்கிருந்துதான் கப்பலேறியது. 1840 இல் அங்கே மியாமிசு என்ற ஊற்று நீரின் சிறப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். மற்ற ஊர்க்காரர் எல்லோரும் நாடாவைப் பார்த்துத்தான் காய்ச்சினார்கள். நாடாக்காரர் எத்தனை நாள் ஊறவைக்கிறார்கள், எவ்வளவு சூட்டில் வைக்கிறார்கள் என்று கேட்டறிந்து அப்படியே செய்வது. மியுராவும் அதைத்தான் செய்தார். கேள்வி அறிவு போதாதென்று தானே நாடாவுக்குப் போனார். முதலாளியாகப் போனால் எவன் சொல்லிக் கொடுப்பான்? ஆகவே வேலையாட்களோடு வேலையாளாக நின்று கற்றார் என்று அவருடைய ஊரில் சொல்கிறார்கள். பட்டறையைத் துப்புரவாக வைத்திருப்பது முதல் வெப்பநிலையைக் கணக்காகப் பார்ப்பது வரை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஊரில் வந்து அதே மாதிரி செய்தார். திருத்தம் இருந்தது, ஆனாலும் நாடாவின் சாக்கே வரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார். முறை சரி, கை சரி, அரிசி சரி. பிழை எங்கே என்று தெரியாமல் ஒவ்வொரு குளிர்காலமும் காசைக் கொட்டிக்கொண்டிருப்பது என்ன மாதிரி இருந்திருக்கும்? கோஜிக்காரனைக் குறை சொல்லலாம், காலத்தைக் குறை சொல்லலாம். அயலில் இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள். அவர் கடைசியில் தண்ணீரைச் சந்தேகித்தார். நாடாவின் தண்ணீரையும் வேறு ஊர்த் தண்ணீரையும் தன் ஊர்த் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்போதுதான் விடயம் வெளித்தது. நாடாவில் இருப்பது வன்னீர். மிட்சுவில் இருப்பது மென்னீர்.

வன்னீர், மென்னீர் வித்தியாசத்தை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும், சவர்க்காரம் நுரைக்காது. நாடாவின் வன்னீர் அந்தளவுக்கு இல்லை. எங்கள் கிணறுகள் பலவற்றோடு ஒப்பிட்டால் அது சாதுவான தண்ணீர். ஆனால் யப்பானுக்கு அது வன்னீர்தான். அதில் இருக்கும் பொற்றாசியம், மக்னீசியம், பொஸ்பரஸ் போன்றவை மதுவத்துக்குத் தீன். தீன் கிடைத்தால் மதுவம் வேகமாக எழும்பும், வேறு கிருமிக்கு இடம் கொடாது. ஹிரோசிமாப் பக்கம் கருங்கல் மலைகளில் இருந்து வடிகிற தண்ணீரில் இந்தக் கனிமங்கள் குறைவு. குடிக்க அருமையான தண்ணீர். சாக்கே காய்ச்ச நோஞ்சான் தண்ணீர் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

தண்ணீரை மாற்ற முடியாது. நாடாவில் இருந்து கப்பலில் ஏற்றிவரக் கட்டுபடியாகாது. அவர் செய்தது, முறையைத் தன் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. முதலாவது, கோஜியை மேலோட்டமாக வளரவிடாமல் அரிசியின் உள்மையம் வரை ஊடுருவ வளர்த்தார். அப்படிச் செய்தால் மாப்பொருள் நன்றாக உடைந்து, பலவீனமாக இருக்கும் மதுவத்துக்குச் சீனி தட்டுப்படாமல் கிடைக்கும். இரண்டாவது, மதுவத்தை அவசரப்படுத்தவில்லை. வெப்பநிலையைத் தாழ்வாக வைத்து, ஆறுதலாக, கூடிய நாட்கள் நொதிக்கவிட்டார். குளிரில் மற்றக் கிருமிகளும் தலை தூக்காது. சொல்லும்போது இரண்டு வரியில் முடிகிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏறத்தாழ இருபது குளிர்காலங்கள் போயின. நூறு தடவை சோதித்து ஆயிரம் தடவை திருத்துவது என்பதே அவருடைய கொள்கையாக இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. எண்ணிக்கையில் பெரிய மிகை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குளிரில் மெதுவாக நொதித்த சாக்கேயில் அவர் தேடாத ஒன்றும் வந்து சேர்ந்தது. மணம். மதுவம் தாழ்ந்த வெப்பநிலையில், நெருக்கடிக்குள் வேலை செய்யும்போது பழ வாசனை தரும் சேர்வைகளை உண்டாக்கும் என்று இன்று இரசாயனம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வாழைப்பழ வாசனைக்கு ஒன்று, அப்பிள் வாசனைக்கு வேறொன்று. சூட்டில் வேகமாகப் பொங்கினால் அந்த வாசனை காற்றோடு போய்விடும். இன்று கின்ஜோ என்ற பெயரில் உலகம் முழுக்க விலைபோகும் பழமணச் சாக்கேக்கு அடிப்படை அந்தக் குளிர் நொதிப்புத்தான்.

1898 இல் அவர் தன் முறையை ஒரு சிறு புத்தகமாக எழுதி வெளியிட்டார். எனக்கு இந்த மனிதரில் மரியாதை வந்தது இந்த இடத்தில். இருபது வருடம் கடன்பட்டுக் கண்டுபிடித்ததை யார் வெளியில் சொல்வார்கள்? வேறு ஒருவர் என்றால் பூட்டி வைத்துப் பேரனுக்குக் காதில் சொல்லியிருப்பார். மியுரா போட்டிக் கடைக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தார். ஊர் இளைஞர்களைப் பழக்கினார். அந்த ஊரில் இருந்து தலைமைக் காய்ச்சுநர்கள், அவர்கள் சொல்லும் தோஜிமார், வேறு மாகாணங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். கடலையும் சிறு நிலத்தையும் நம்பியிருந்த குடும்பங்களுக்குக் குளிர்காலச் சம்பளம் கிடைத்தது. ஒரு கடைக்காரர் மட்டும் நல்ல சாக்கே காய்ச்சினால் ஹிரோசிமாச் சாக்கே என்ற பெயர் எழும்பாது என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொருவர் சைஜோவில் இருந்த சத்தாக்கே ரீச்சி. 1896 இல் யப்பானின் முதலாவது இயந்திர அரிசி ஆலையைச் செய்தவர். அரிசியின் வெளிப்பகுதியில் கொழுப்பும் புரதமும் இருக்கிறது. அதைத் தீட்டி நீக்க நீக்கச் சாக்கே தெளியும், மணம் எழும்பும். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் பொறித்த இயந்திரங்களை எங்கள் பக்கத்து நெல் ஆலைகளிலும் கண்டிருக்கிறேன். அது ஒரு சாக்கேக் கதையின் மிச்சம் என்று அப்போது தெரியாது.

யுத்தம் சம்பந்தப்படாத இடத்தைத் தேடி வந்தேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். அது நடக்கவில்லை. மியுரா தன் பீப்பாய்களோடு போராடிக்கொண்டிருந்த 1894 இல் யப்பான் சீனாவோடு யுத்தத்துக்குப் போனது. பேரரசர் ஹிரோசிமாக் கோட்டைக்கே வந்து தங்கினார். யுத்தத் தலைமையகம் அங்கே இருந்தது, நாடாளுமன்றம்கூட அந்த ஊரில் கூடியது. உஜினாத் துறைமுகத்தில் இருந்து படைகள் கப்பலேறின. பத்து வருடத்தில் ரஷ்யாவோடு அடுத்த யுத்தம். இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். 1899 இல் சாக்கே வரி நிலவரியையும் முந்திக்கொண்டு அரசின் முதலாவது வருமானமானது. மொத்த வரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் சனங்கள் வீட்டில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சுவதும் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சாக்கே கெட்டுப்போனால் அரசுக்கும் நட்டம் என்றானபடியால், 1904 இல் அரசே ஒரு மதுக் காய்ச்சல் ஆய்வுநிலையத்தைத் தொடங்கியது.

ஆக, மியுராவின் பீப்பாய் கெடாமல் விட்டதில் பீரங்கிக்கும் பங்கு போயிருக்கிறது. அவரை அதற்குக் குற்றம் சொல்ல நான் ஆயத்தமில்லை. எங்கள் ஆட்களும் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டினார்கள். அந்தக் காசு எங்கே போனது, என்னவாகித் தலைக்கு மேல் திரும்பி வந்தது என்பதும் தெரியும். ஒரு தொழிலாளியின் கை வேலைக்கும் ஒரு அரசின் கணக்குப் புத்தகத்துக்கும் இடையில் இருக்கும் தூரத்தை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை.

1907 இல் முதலாவது தேசிய சாக்கேப் போட்டி நடந்தது. நாடாதான் வெல்லும் என்பது எல்லோரும் எழுதி வைத்த முடிவு. முதலாம் இடம் ஹிரோசிமாவின் தக்கேஹாரா ஊருக்குப் போனது. இரண்டாம் இடம் குரேக்கு. இரண்டும் மியுராவின் ஊருக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஊர்கள். அவர் எழுதிக் கொடுத்த முறை அயலாரின் கையில் வென்றது. அடுத்த வருடம், 1908 இல், 61 வயதளவில் அவர் கண்ணை மூடினார். வென்ற செய்தி காதில் விழுந்த பிறகுதான் போனார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெயில் சாயச் சாய அந்தச் சிலைக்கு முன்னால் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தபோது அதைத்தான் நினைத்தேன்.

பசி எடுத்தது. ஸ்ரேசனுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு வயதான அம்மா தனியாக நடத்துகிறார். என் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலிதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கதைத்தது. சிலையைப் பார்க்க வந்தேன் என்றதும் அவருடைய முகம் மாறியது. சுட்ட சிப்பி ஒரு தட்டில் வந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை. அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையங்கள். பாம்பின் கண் என்று அதற்குப் பெயராம். நீல வளையத்தின் விளிம்பைப் பார்த்துச் சாக்கே எவ்வளவு தெளிவு என்று கண்டுபிடிப்பார்கள்.

அவர் ஊற்றியது புக்குச்சோ. அந்த ஊரிலேயே 1868 இல் தொடங்கிய இமாடா என்ற பட்டறையின் சாக்கே. அந்தப் பெயரைச் சூட்டியதே மியுராதான். நான் குடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

குளிரூட்டிய சாக்கே. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனதும் எனக்கு வெள்ளரிப்பழம் நினைவுக்கு வந்தது. வைகாசி வெயிலில் வாழைச் சருகு சுற்றி விற்கும், தொட்டால் வெடிக்கும் வெள்ளரிப்பழம். அதற்குப் பின்னால் லேசாகப் பழுக்கத் தொடங்கிய கப்பல் வாழைப்பழம். அரிசியில் இருந்து இந்த வாசனை எப்படி வந்தது என்று வாசித்து அறிந்திருந்தாலும் நம்பக் கஷ்டமாக இருந்தது. வாயில் வைத்தால் பழச்சாறு மாதிரி இனிக்கும் என்று நாக்கு காத்திருந்தது. இனிக்கவில்லை. முதலில் தண்ணீர் மாதிரி மெதுவாக உள்ளே போனது, நடு நாக்கில் சோற்றின் ருசி கொஞ்சம் தட்டுப்பட்டது, பிறகு ஓரங்களில் ஒரு சுறுக்கு. அதோடு துடைத்தெடுத்த மாதிரி எல்லாம் போய்விட்டது. மணம் மட்டும் மூக்கின் பின்பக்கத்தில் மிஞ்சி நின்றது.

இப்படி இனிப்பில்லாமல் வெட்டென்று முடிகிற சாக்கேயைக் கரக்குச்சி என்கிறார்கள். மிளகாய் உறைப்புக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். உறைப்பு எதுவும் இல்லை. சீனியை மதுவம் அனேகமாக முழுவதும் தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். போத்தலில் ஒரு இலக்கமும் போட்டிருப்பார்கள். சீனி கூடினால் திரவம் பாரம் கூடும், இலக்கம் சயமாகும். சீனி குறைந்தால் சக. சக பக்கம் போகப் போக இனிப்பு விட்டுப் போகும். ஆனால் இலக்கத்தை மட்டும் நம்பக்கூடாது. பழ மணம் மூக்கை ஏமாற்றி இனிப்பதாக நினைக்க வைக்கும். சிப்பியை ஒரு கடி கடித்து அடுத்த மிடறு குடித்தபோது அந்தச் சுறுக்கு எதற்கு என்று விளங்கியது. சிப்பியின் உப்பும் கடல் மணமும் வாயில் தங்கவில்லை. அடுத்த சிப்பிக்கு வாய் புதிதாக இருந்தது.

சாக்கேயோடு ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தார். மதுவுக்கு இடையிடையே குடிக்க வைக்கும் தண்ணீர் அது. தணிக்கும் தண்ணீர் என்ற மாதிரி ஒரு பெயர் சொன்னார். சாக்கே 15, 16 வீதம் மது. கள்ளைவிட நன்றாகவே கூட. தண்ணீர் இல்லாமல் குடிப்பது அங்கே நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. அந்தத் தண்ணீரை நான் தனியாக, ஆறுதலாகக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சாக்கேயைவிட அதுதான் பிடித்தது. அவ்வளவு மென்மை. நாக்கில் ஒரு கல்லும் இல்லை, உப்பும் இல்லை. இதை வைத்தா இவ்வளவு காலமும் அந்த மனிதரைத் தோற்க வைத்தார்கள் என்று இருந்தது.

இமாடாப் பட்டறையின் தலைமைக் காய்ச்சுநர் இப்போது ஒரு பெண், இமாடா மிஹோ. ஒரு காலத்தில் பெண்கள் சாக்கேப் பட்டறைக்குள் கால் வைப்பதே தீட்டு என்று சொல்லப்பட்ட தொழில் அது. இவர் ஹத்தான்சோ என்ற பழைய ஹிரோசிமா நெல்லை, கைவிடப்பட்டு நீண்ட காலத்துக்குப் பிறகு, விதைக் களஞ்சியத்தில் இருந்து எடுத்து மீண்டும் விளைவித்திருக்கிறார். உயரமாக வளர்ந்து சாயும் நெல், விளைச்சலும் குறைவு, விவசாயிக்குத் தலையிடி. ஆனால் சாக்கேக்கு நல்லது. நான் குடித்தது அந்த நெல்லின் சாக்கே. எங்களில் எத்தனை பேருடைய மொட்டைக்கறுப்பன் விதைநெல் இடப்பெயர்வில் மூட்டையோடு போனது என்று எண்ணிக்கொண்டேன். அந்த விதைகளில் கொஞ்சம் யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்தபடியால்தான் இன்று திரும்ப விதைக்கிறார்கள்.

மியுரா காணாத காலத்தையும் சொல்ல வேண்டும். 1937 க்குப் பிறகு சீன யுத்தம் இழுபட, அரிசி சிப்பாய்க்குப் போனது. பட்டறைகள் மூடப்பட்டன. மிஞ்சியவை அரிசி போதாமல் மதுசாரத்தைக் கலந்து சாக்கேயை நீட்டின. யுத்தம் முடிந்த பிறகும் பஞ்சம் முடியவில்லை. மதுசாரத்தோடு குளுக்கோசும் அமிலமும் சேர்த்த சாக்கேதான் பல வருடங்கள் விற்பனையில் ஓடியது. 1945 ஆவணி 6 காலை 8.15 க்கு ஹிரோசிமாவில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அந்த வருடம் முடிவதற்குள் 140,000 பேரளவில் இறந்துபோனார்கள். மலைகளுக்கு அப்பால் இருந்த சைஜோவும் அக்கிட்சுவும் தப்பின. தப்பிய பட்டறைகள் அடுத்தடுத்த குளிர்காலங்களில் திரும்பக் காய்ச்சத் தொடங்கின. குளிரில், மெதுவாக, அதே தண்ணீரில்.

கடைக்கார அம்மா நான் வெளிக்கிடும்போது என் வெறும் போத்தலைப் பார்த்துவிட்டு வாங்கி, தண்ணீர் நிரப்பித் தந்தார். சாக்கேக்கு மட்டும்தான் காசு எடுத்தார், சிப்பிக்கு எடுக்கவில்லை. எங்கே இருந்து வருகிறேன் என்பதை ரயிலுக்கு நேரமாகும்போதுதான் போனில் தட்டிக் காட்டியிருந்தேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கதவு வரைக்கும் வந்து குனிந்து விடை தந்தார்.

ஹிரோசிமாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. தங்குமிடத்துக்குப் போகும் வழியில்தான் சமாதானப் பூங்கா. அங்கே நினைவுச் சின்னங்களுக்கு முன்னால் சனங்கள் பூவோடு தண்ணீர்ப் போத்தல்களையும் வைத்துவிட்டுப் போவார்கள். குண்டு விழுந்த அன்று எரிந்த உடம்போடு ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டுக் கேட்டே இறந்தார்கள். ஒவ்வொரு ஆவணி 6 இலும் நகரத்தின் பல இடங்களில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து படைக்கிறார்கள். எங்கள் ஆட்களும் 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் கையால் கிடங்கு கிண்டி, ஊறிய உவர்த் தண்ணீரைச் சீலையால் வடித்துக் குடித்தார்கள். என் சித்தப்பாவின் சின்ன மகள் கடைசியாகக் கேட்டதும் தண்ணீர்தான். கிடங்கில் ஊறும் வரைக்கும் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

போத்தலில் அக்கிட்சுத் தண்ணீர் முக்கால்வாசி இருந்தது. மற்றப் போத்தல்களுக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.